சமையலறை இடிபடும் நாட்களில் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு வழி

பழைய சமையலறையை இடித்துப் புதுப்பிக்கப் போகிறோம் என்றால் வீட்டில் எல்லோரும் டைல்ஸ் நிறத்தைப் பற்றியும் கிரானைட்டைப் பற்றியும் மாதக்கணக்கில் பேசுவார்கள். அந்த நாட்களில் எங்கே சமைப்பது என்ற பேச்சு மட்டும் வேலை தொடங்கும் அன்று காலையில்தான் வரும். பத்து நாளில் முடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்லும் வேலை ஒன்றரை மாதம் இழுப்பது சாதாரணம். அத்தனை நாளும் ஓட்டல் சாப்பாடு என்றால் கையும் கடிக்கும், வயிறும் கெடும். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவரோ பல் முளைக்கும் குழந்தையோ இருந்தால் அது நடக்கவே நடக்காது.

முதல்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் கடைக்குப் போய் ஒரு இண்டக்ஷன் அடுப்பு வாங்கிவிட்டு, அதை ஹாலில் டீப்பாய் மேல் வைத்துச் சமைக்கத் தொடங்குகிறார்கள். இரண்டே நாளில் அலுத்துப்போகிறது. காரணம் அடுப்பு இல்லை. அரிசி கழுவ ஒரு மூலைக்கு நடை, கழுநீர் கொட்ட இன்னொரு மூலைக்கு நடை, பிளக் எட்டவில்லை என்று ஒயர் இழுப்பது, இதில்தான் மனிதர் ஓய்ந்துபோகிறார். தண்ணீர் வரும் குழாய், தண்ணீர் போகும் வழி, பெரிய பிளக் பாயிண்ட். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அடுப்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

இடம் பார்ப்பது

அடுக்குமாடி வீடுகளில் அப்படி ஓர் இடம் பெரும்பாலும் தயாராகவே இருக்கிறது: வாஷிங் மெஷின் நிற்கும் பால்கனி. அங்கே மெஷினுக்காகவே ஒரு குழாய் உண்டு, அழுக்குத் தண்ணீர் போக தரையில் வழி உண்டு, 16 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்டும் உண்டு. புகையும் தாளிப்பு நெடியும் தானாக வெளியே போய்விடும். துணி துவைப்பதைச் சமையல் இல்லாத நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டால் போதும். மழைச் சாரல் அடிக்கும் பால்கனி என்றால் வெளிப்பக்கம் ஒரு தார்பாய் கட்டிவிடுங்கள். நனைந்த இடத்தில் மின்சார அடுப்பு வேண்டவே வேண்டாம்.

தனி வீடு என்றால் பின்கட்டில் துணி துவைக்கும் கல் பக்கம் இதே வசதி கிடைக்கும். இரண்டும் இல்லாதவர்கள் குளியலறைக்கு வெளியே, அதன் கதவுக்குப் பக்கத்தில் இடம் போடலாம். குளியலறைக்கு உள்ளே மட்டும் வேண்டாம். கீசர் பிளக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அங்கே அடுப்பு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்சார அடுப்பைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

அடுத்தது மேடை. பிளாஸ்டிக் ஸ்டூல், மடக்கு மேசை இரண்டும் ஆடும். கொதிக்கும் சாம்பார் இருக்கும் மேடை ஆடக்கூடாது. பழைய சமையலறையில் அலமாரித் தட்டாக இருந்த கடப்பா கற்களை மேஸ்திரி கழற்றி வெளியே போடுவார். உடையாத ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் அந்தக் கல்லைப் போட்டால் சூடு தாங்கும், எண்ணெய் தெறித்தால் துடைக்கலாம், எவ்வளவு கனமான குக்கரும் நிற்கும். இரண்டு அடி உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து சமைக்க அந்த உயரம் சரியாக இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்க வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது.

கரண்ட் விஷயம்

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். செல்போன் சார்ஜர் சொருகும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்ப்ஸ். அது தாங்குவது 1,380 வாட்ஸ். பெரிய துளை உள்ள 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் 3,680 வாட்ஸ் வரை தாங்கும். சாதாரண ரைஸ் குக்கர் 700 வாட்ஸ் அளவில் இழுக்கும், சின்ன பாயிண்டே போதும். இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2,000 வாட்ஸ் வரை போகும், கெட்டில் 1,500. இந்த இரண்டையும் பெரிய பாயிண்டில்தான் சொருக வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் இல்லாமல் ஒன்று மாற்றி ஒன்று.

இண்டக்ஷன் பிளக்கின் தடித்த கால்கள் சின்ன பாயிண்டில் நுழையாது. உடனே கடையில் இருபது முப்பது ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் பிளக் வாங்கி நுழைத்துவிடுகிறார்கள். அந்தக் கால்கள் தடிமனாக இருப்பதே இங்கே சொருகாதே என்று சொல்வதற்குத்தான். டிவிக்கு வாங்கிய மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். ஒயர் சூடாகி, உறை இளகி, புகை வந்த பிறகுதான் தெரியும். பாயிண்ட் எட்டவில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர் ஒயரில் ஒரே ஒரு 16 ஆம்ப்ஸ் சாக்கெட் வைத்துத் தனியாக ஒரு பெட்டி செய்து வாங்குங்கள். அவர் வந்திருக்கும்போதே எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்ப்ஸ் கசிவுக்கே அது கரண்ட்டை நிறுத்திவிடும். தண்ணீர் புழங்கும் இடத்தில் சமைக்கப் போகிறவர்களுக்கு அது அவசியம்.

வேலை செய்ய வருகிறவர்கள் டைல்ஸ் வெட்டும் மெஷினை எங்கே சொருகப் போகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். உங்கள் அடுப்பும் அவர்கள் மெஷினும் ஒரே லைனில் ஓடினால், பளு கூடும்போது கரண்ட்டைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்ச் விழுந்துகொண்டே இருக்கும்.

இடிப்பதற்கு முந்தைய வாரம்

இந்த ஒரு வாரத்தை வீணாக்கிவிடாதீர்கள். பின்னால் வரும் நாற்பது நாளும் இப்போது செய்து வைப்பதில்தான் ஓடப்போகிறது. வறுப்பது, அரைப்பது, நீண்ட நேரம் கிண்டுவது, இந்த மூன்றும் தற்காலிக அடுப்பில் கஷ்டம். அதனால் பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, ரசப் பொடி, தக்காளித் தொக்கு என்று உங்கள் வீட்டில் செலவாகும் எல்லாவற்றையும் கேஸ் அடுப்பு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுதும் துருவிய தேங்காயும் ஃப்ரீசருக்குப் போகட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது புளிக்காய்ச்சல். 100 கிராம் புளியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு டம்ளர் கெட்டிக் கரைசலாக எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, ஏழெட்டுக் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துக் கரைசலை ஊற்றிச் சிறு தீயில் விடுங்கள். முதலில் தண்ணீராகத் தளதளவென்று கொதிக்கும். போகப் போகச் சத்தம் மாறி, கெட்டியாகி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். அதுதான் பதம். வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும் கடைசியில் தூவி இறக்குங்கள். நிலக்கடலையை இப்போது சேர்க்க வேண்டாம், ஊறி நமுத்துவிடும். சாதத்தில் பிசையும் அன்று தனியாக வறுத்துப் போடலாம். ஆறியபின் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு மாதம் வரும். கரண்ட் போன இரவில், ஆள் ஓய்ந்த இரவில், வெந்த சாதம் மட்டும் இருந்தால் சாப்பாடு தயார்.

பாத்திரங்களையும் இந்த வாரமே பிரித்துவிடுங்கள். ஒரு குக்கர், அடி தட்டையான ஒரு வாணலி, ஒரு தோசைக்கல், ஒரு பால் பாத்திரம், இரண்டு கரண்டி, ஒரு கத்தி, ஆளுக்கு ஒரு தட்டும் டம்ளரும், அஞ்சறைப் பெட்டி. மீதி அத்தனையும் அட்டைப்பெட்டிக்குப் போகட்டும். வெளியே இருக்கும் பாத்திரம் எல்லாம் எப்படியும் அழுக்காகும், கழுவ இடமோ கொஞ்சம்தான். பெட்டிகளின் மேல் உள்ளே இருப்பதை எழுதி ஒட்ட மறக்க வேண்டாம்.

பிளம்பரிடம் இன்னொரு வேலையும் உண்டு. சமையலறைக் குழாயை அடைக்கும்போது எல்லா முனையிலும் டம்மி போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார். ஒரு முனையில் மட்டும் சாதாரணக் குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள். வேலை இல்லாத நாட்களில் தண்ணீர் பிடிக்க உதவும். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேனும் அதன் மேல் அழுத்தும் பம்பும் போதும்.

எந்த அடுப்பு

என் தேர்வு ஒரு இண்டக்ஷன், ஒரு ரைஸ் குக்கர். இரண்டும் இருந்தால் நான்கு பேருக்கு இரண்டு வேளைச் சமையல் தாராளமாக நடக்கும்.

இண்டக்ஷனில் பாத்திரம்தான் சூடாகும், அடுப்பு சூடாவதில்லை. பாத்திரத்தின் சூட்டில்தான் மேல்கண்ணாடி சுடுகிறது. அதனால் காந்தம் ஒட்டும் உலோகத்தில், அடி தட்டையாக இருக்கும் பாத்திரம்தான் வேலை செய்யும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். அலுமினியம், பித்தளை, மண்சட்டி எதிலும் ஒட்டாது. ஈயச்சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இரும்பு தோசைக்கல் தட்டையாக இருந்தால் நன்றாக வரும், ஆனால் எடுத்த எடுப்பில் முழு வேகம் வைக்காமல் மெல்லச் சூடாக்க வேண்டும்.

தாளிப்பில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். குட்டித் தாளிப்புக் கரண்டியை வைத்தால் பாத்திரமே இல்லை என்று அடுப்பு கீச்சிட்டு நின்றுவிடும், அத்தனை சின்ன அடியை அது கண்டுகொள்ளாது. அதனால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் வாணலியில் தாளித்து, அதிலேயே குழம்பைக் கூட்டுங்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் இதே முறை ஒத்துவரும். தாளிக்கும்போது 600 வாட்ஸில் வையுங்கள். 1,600-ல் வைத்தால் எண்ணெய் நொடியில் காய்ந்து, கடுகு வெடிக்கும் முன்பே உளுந்து கறுத்துவிடும். குக்கர் வைக்கும்போதும் முதல் விசில் வந்ததும் 800-க்குக் குறைத்துவிடுங்கள். சமையல் முடிந்ததும் பிளக்கை உடனே பிடுங்காதீர்கள். உள்ளே ஓடும் சின்ன விசிறி நிற்கும்வரை விடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் அடுப்பிலிருந்து இரண்டு அடியாவது தள்ளியிருக்கட்டும். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரைஸ் குக்கர் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் அதைப் பல வேலைக்குப் பயன்படுத்தலாம். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி முழுக்கக் குடித்ததும் சூடு மேலே ஏறும். அப்போது அடியில் உள்ள காந்தம் பிடியை விட, ஸ்விட்ச் மேலே வந்துவிடும். ஆகவே பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று என்று தண்ணீர் வைத்துத் தொடங்கி, உங்கள் அரிசிக்கு ஏற்றபடி அடுத்தடுத்த நாள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வடித்த சாதத்துக்குப் பழகிய நாக்குக்கு முதலில் கொஞ்சம் வேறாகத் தெரியும். பருப்பையும் அதிலேயே வேகவைக்கலாம், அரை மணி நேரம் ஊறவைத்து மஞ்சள் சேர்த்தால் குழைந்து வரும். ஆனால் தண்ணீர் நிறைய உள்ள பருப்போ குழம்போ வைத்தால் ஸ்விட்ச் தானாக மேலே வராது, நீங்கள்தான் பார்த்து நிறுத்த வேண்டும். சாதம் வேகும்போதே மேலே ஆவித்தட்டில் பீன்ஸ், கேரட், முட்டை என்று ஏதாவது வைத்துவிட்டால் தனியாக ஒரு அடுப்பு வேலை மிச்சம்.

கேஸ் அடுப்பையே வெளியே கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். காற்றோட்டமான பால்கனி அல்லது பின்கட்டு என்றால் கொண்டுவரலாம், ஏஜென்சியின் மெக்கானிக்கை அழைத்து மாற்ற வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரமான மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். டைல்ஸ் வெட்டும் இடத்திலும் வெல்டிங் நடக்கும் இடத்திலும் பொறி பறக்கும், அங்கே சிலிண்டர் இருக்கவே கூடாது. தின்னர், வார்னிஷ் அடிக்கும் நாளில் எந்த நெருப்பும் வேண்டாம். கசிவு வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். குழாய் வழி வரும் கேஸ் என்றால் நீங்களோ பிளம்பரோ கை வைக்க வேண்டாம், நிறுவனத்தின் ஆட்கள்தான் கழற்ற வேண்டும்.

தினசரி ஓட்டம்

வேலையாட்கள் ஒன்பது, ஒன்பதரைக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் காலைச் சாப்பாடும் மதியச் சமையலும் முடிந்து, ஹாட்பாக்ஸை மூடியிருக்க வேண்டும். மறுபடி அடுப்பு பற்றுவது அவர்கள் போனபின் ஆறு மணிக்கு. இடையில் டீ மட்டும், அதற்குக் கெட்டிலில் சுடுதண்ணீர்.

சாதம், ஒரு குழம்பு அல்லது ரசம், ஒரு காய். இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். கூட்டு, பொரியல், அப்பளம் என்று பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் முழுக்க ஓட்டலுக்குப் போய்விடுவீர்கள். காலைக்குக் கடை மாவில் தோசை, ரவா உப்புமா, ஊறவைத்த அவல். குழம்புக்கு நேரமில்லாத நாளில் சாதம் மட்டும் வீட்டில் வைத்து, சாம்பாரும் பொரியலும் மெஸ்ஸில் வாங்கிக்கொள்ளலாம். முழுச் சாப்பாட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும். இடிக்கும் இரண்டு நாள் மட்டும் அடுப்பே பற்ற வேண்டாம், வெளியே சாப்பிட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் இண்டக்ஷனைத் தாங்காது, முயற்சி செய்ய வேண்டாம். அந்த வேளைக்குத்தான் புளிக்காய்ச்சலும் தயிர் அவலும்.

ஃப்ரிட்ஜை ஹாலுக்கு நகர்த்தி ஓடவிடுங்கள். நம் ஊர் வெயிலில் சமைத்த சாதத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியே வைத்து மறுபடி சூடாக்கிச் சாப்பிடுவது நல்லதில்லை. சாதத்தில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு சுடவைத்தாலும் போவதில்லை. ஹாட்பாக்ஸில் ஆவி பறக்கச் சூடாக இருக்கட்டும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

பாத்திரம் கழுவுவது

வாஷ்பேசினில் சமையல் பாத்திரம் கழுவவே கூடாது. அதன் குழாய் சின்னது. நான்கு நாள் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் போனால் அடைத்துக்கொள்ளும். சமையலறையும் இல்லாமல் முகம் கழுவும் இடமும் இல்லாமல் நிற்பீர்கள். பால்கனிக் குழாயடியில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப் வையுங்கள், ஒன்று சோப்புத் தண்ணீர், ஒன்று அலச. கழுவும் முன் மிச்சம் மீதியைக் குப்பைக்கூடையில் தட்டி, எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தரை வடிகாலின் மேல் ஒரு சல்லடையை வைத்துவிடுங்கள். பாத்திரம் தரையில் படாமல் கம்பிக் கூடையில் காயட்டும். சாப்பிட வாழை இலை கிடைத்தால் தட்டு கழுவும் வேலையும் இல்லை.

தூசி

டைல்ஸும் கல்லும் வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள், முடிந்தால் மொட்டை மாடியிலோ வாசலிலோ. சமையலறை வாசலுக்குப் பாலிதீன் திரையும் அடியில் ஈரத்துணியும் போட்டால் வீட்டுக்குள் வருவது குறையும். இண்டக்ஷன் அடுப்பின் அடியில் காற்றிழுக்கும் துளைகள் உண்டு. சிமெண்ட் தூசி அதற்குள் போனால் விசிறி கெட்டுவிடும், அதனால் பகல் முழுக்க அடுப்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பாத்திரங்கள் கவிழ்ந்தே இருக்கட்டும். எடுத்ததும் ஒருமுறை அலசாமல் சமைக்காதீர்கள்.

எப்போது உள்ளே திரும்பலாம்

எல்லா வேலையும் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டைல்ஸ், கிரானைட் மேடை, சிங்க் மூன்றும் முடிந்த பிறகுதான் அலமாரி செய்கிறவர்கள் சரியான அளவு எடுப்பார்கள். அதைச் செய்து கொண்டுவரப் பல நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் சமையலறை சும்மாதான் இருக்கும். வேலை பேசும்போதே, மேடையும் சிங்கும் முடிந்ததும் குழாயை இணைத்துத் தண்ணீர் விட்டுவிட வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள். சிங்கைச் சுற்றிப் பூசிய சிலிகான் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மறுநாள் இண்டக்ஷனையும் ரைஸ் குக்கரையும் மேடைக்குக் கொண்டுவந்துவிடலாம். அலமாரி பொருத்தும் இரண்டு மூன்று நாள் மட்டும் மறுபடி பால்கனிக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால் கடப்பா கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அதுவரை கலைக்க வேண்டாம். கேஸ் இணைப்பு கடைசியில்: புதிய டியூப் போட்டு, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று மெக்கானிக் உங்கள் கண்முன்னே பார்த்துக் காட்டிய பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.